கேபிள் இருந்தது, இணையம் வரவில்லை: மாரியோ கார்ட் டபுள் டாஷ் குறித்து ஒரு பழைய ஆதங்கம்

தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் பழைய கன்சோல் ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "இது மட்டும் அன்றைக்கே ஆன்லைனில் வந்திருந்தால்" என்று யாராவது ஒருவர் பெருமூச்சு விடாமல் அந்தப் பேச்சு முடிவதில்லை. அடுத்த நொடியே கோல்டன்ஐ 007 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் பெயரும் வந்துவிடும். நானும் அந்த ஆட்டத்தில் இரவுகளைத் தொலைத்தவன்தான் என்றாலும், இந்தப் பெருமூச்சில் முதலிடம் அதற்கு உரியதன்று என்பது என் கருத்து. ஓர் ஆட்டத்துக்கு ஆன்லைன் வசதி அன்றே கிடைத்திருக்க வேண்டும் என்று வழக்காட வருபவர், அக்காலத்தில் கடையில் விற்ற கருவிகளைக் கொண்டே அதைச் செய்திருக்க முடியும் என்பதையும், செய்திருந்தால் ஆட்டம் கெட்டுப்போயிருக்காது என்பதையும் காட்டியாக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காட்ட முடிகிற ஆட்டங்கள் மிகச் சிலவே. அவற்றுள் எனக்கு இன்றும் மனம் ஆறாதது, 2003 நவம்பரில் நின்டெண்டோ கேம்கியூப் கன்சோலுக்கு வெளிவந்த மாரியோ கார்ட்: டபுள் டாஷ் என்ற வண்டிப் பந்தய ஆட்டம்.

"அந்தக் காலத்தில் அதெல்லாம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு முதலில் எக்ஸ்பேண்ட் என்ற மோடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கேட்டபல்ட் என்டர்டெயின்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 1994 நவம்பரில் சேகா ஜெனிசிஸ் கன்சோலுக்கும், அடுத்த ஆண்டு சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கும் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கன்சோலுக்கும் ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜுக்கும் நடுவில் அதைச் செருகி, வீட்டுத் தொலைபேசி வயரை அதில் மாட்டினால், நிறுவனத்தின் சர்வர் ஓர் எதிராளியைத் தேடிக் கொடுக்கும். பிறகு ஒரு வீட்டு மோடம் இன்னொரு வீட்டு எண்ணை நேரடியாக அழைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடும். அதன் வேகம் நொடிக்கு 2400 பிட். இன்று ஒரு சிறிய படம்கூட அந்த வேகத்தில் வந்து சேராது. ஆனால் அந்த மோடம் படத்தை அனுப்பவே இல்லை, பொத்தான்களை மட்டுமே அனுப்பியது. இரண்டு வீடுகளிலும் ஒரே கேட்ரிட்ஜ், ஒரே தொடக்க நிலை. இரு பக்கமும் அழுத்தப்படும் பொத்தான்கள் ஒன்றாக இருந்தால் இரு திரைகளிலும் நடப்பதும் ஒன்றாகவே இருக்கும். சூப்பர் நின்டெண்டோ கன்ட்ரோலரில் திசைகளையும் சேர்த்து 12 பொத்தான்கள், நொடிக்கு 60 முறை என்றால் 720 பிட். 2400 என்ற அந்தப் பரிதாபமான எண்ணுக்குள் அது தாராளமாக அடங்கிவிடுகிறது.

இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது வேறொன்று. மோர்ட்டல் காம்பேட்டோ சூப்பர் மாரியோ கார்ட்டோ தொலைபேசியில் ஆடுவதற்காக எழுதப்பட்டவையல்ல. கேட்டபல்ட் பொறியாளர்கள் ஒவ்வொரு கேட்ரிட்ஜின் நிரலையும் பிரித்துப் படித்து, கன்ட்ரோலரைப் படிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே தங்கள் மோடத்தை நுழைத்தார்கள். ஆட்டத்தை எழுதியவர்களின் உதவியின்றி வெளியாள் ஒருவர் 1994-இல் இதைச் செய்ய முடிந்தது என்றால், எழுதியவர்களே மனம் வைத்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எக்ஸ்பேண்ட் சேவை 1997-இல் மூடப்பட்டது.

ஆகவே 'முடியாது' என்பது எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்தும் பதிலன்று. ஆனால் சிலவற்றுக்கு அது சரியான பதில்தான். பொத்தான்களை மட்டும் அனுப்பும் முறையில், எதிராளியின் பொத்தான் வந்து சேரும்வரை இரு கன்சோல்களும் காத்திருந்தாக வேண்டும். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டத்தின் ஆயுள் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. தொலைபேசி மோடத்தின் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. அந்தத் தாமதத்தை மறைக்க நம் பொத்தானையும் சில சட்டங்கள் தள்ளிப்போட்டால், சண்டை ஆட்டங்களில் கை ஒன்று செய்ய உருவம் சற்றுப் பிந்தி நகர்வது உடனே உறுத்தும். எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்திவிட்டு, ஊகம் தவறினால் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்ளும் ரோல்பேக் முறைதான் இதற்கு நல்ல மருந்து. அதற்குக் கடந்துபோன சட்டங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி கணக்கிடும் வலு வேண்டும். கேம்கியூபின் சண்டை ஆட்டமான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ 2001-இல் வந்தது. அதற்கு ரோல்பேக் கிடைத்தது 2020-இல், அதுவும் ஸ்லிப்பி என்ற ரசிகர் படைப்பின் வழியாக, கேம்கியூபைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற கணினி மென்பொருளில். மெலீயை நேசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். ஆயினும் அன்றைய கேம்கியூபில் அது ஆன்லைனில் வந்திருந்தால், இன்று அதைக் கொண்டாடும் அளவுக்கு நன்றாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கோல்டன்ஐ விஷயத்துக்கு வருகிறேன். 1997-இல் ரேர் நிறுவனம் உருவாக்கிய அந்த ஆட்டத்தில், நால்வர் ஒரே தொலைக்காட்சியை நான்காகப் பிரித்துக்கொண்டு சுட்டுக்கொள்ளும் பகுதி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒட்டிச் சேர்க்கப்பட்டது. பக்கத்தில் இருப்பவரின் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்து அவர் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதில் தீராத வழக்கு. ஆளுக்கொரு திரை இருந்திருந்தால் அந்த வழக்கே இல்லை என்பதால்தான் பலரும் இதற்கு ஆன்லைன் கேட்கிறார்கள். ஆனால் நின்டெண்டோ 64-இல் மோடமும் இல்லை, வலைப்பின்னல் துளையும் இல்லை. ராண்ட்நெட் என்ற இணையச் சேவை 1999 இறுதியில் ஜப்பானில் மட்டும் தொடங்கி, 2001 தொடக்கத்தில் முடிந்தும் போனது. போதாக்குறைக்கு, நால்வர் ஆடும்போது அந்த ஆட்டத்தின் படவேகம் ஏற்கெனவே நொண்டியடித்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2023 ஜனவரியில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் சந்தாதாரர்களுக்குக் கோல்டன்ஐ ஆன்லைன் வசதியுடனேயே வந்தது. வந்தபோதும், பழைய கன்சோலின் திரையை அப்படியே காட்டும் முறை என்பதால், நான்கு வீடுகளில் நால்வர் தனித்தனியே உட்கார்ந்திருந்தாலும் நான்கு கட்டங்களும் எல்லோருக்கும் தெரிந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தும் ஓரக்கண் பார்வை ஒழியவில்லை.

சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் நிலை இதற்கு நேர்மாறு. 1999-இல் அமெரிக்காவுக்கு வந்த அந்தக் கன்சோலில் 56 கே மோடம் பெட்டியோடேயே வந்தது, யாரும் தனியாக வாங்க வேண்டியதில்லை. சூசூ ராக்கெட், ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் போன்ற ஆட்டங்கள் அதை முறையாகப் பயன்படுத்திக்கொண்டன. நால்வர் ஒரே மேடையில் நாற்காலி முதல் பீரங்கிவரை கைக்கு அகப்பட்டதை எடுத்து அடித்துக்கொள்ளும் பவர் ஸ்டோன் 2 மட்டும் 2000-இல் ஆன்லைன் இல்லாமல் வந்தது. இத்தனைக்கும் அதை உருவாக்கிய கேப்காம், அதே ஆண்டில் தன் இருவர் சண்டை ஆட்டங்கள் சிலவற்றை ஜப்பானில் மோடம் வழியாக ஆடும் வகையில் தனிப் பதிப்பாக வெளியிட்டது. இருவருக்குச் செய்ததை நால்வருக்கும், இடிந்து விழும் மேடைக்கும், சிதறும் பொருள்களுக்கும் சேர்த்துத் தொலைபேசி மோடத்தில் செய்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனவே பவர் ஸ்டோன் 2-க்குச் சந்தேகத்தின் பலனை அளித்து விட்டுவிடுகிறேன்.

டபுள் டாஷுக்கு அப்படிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. கேம்கியூபின் அடிப்பக்கத்தில் மாட்டுவதற்கு மோடம் அடாப்டரும் பிராட்பேண்ட் அடாப்டரும் 2002-லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. டபுள் டாஷ் அந்தப் பிராட்பேண்ட் அடாப்டரை அறியும். வட்டிலேயே அதற்கான பகுதி எழுதப்பட்டிருந்தது. எட்டுக் கன்சோல்களை ஈதர்நெட் கேபிளால் இணைத்தால், வண்டிக்கு இருவராக 16 பேர் ஒரே பந்தயத்தில் ஓட முடிந்தது. அடாப்டர் உண்டு, நிரல் உண்டு, பிற கன்சோல்களோடு பேசும் முறையும் உண்டு. ஆனால் அந்தக் கேபிள் ஒரே அறைக்குள், அல்லது மிஞ்சினால் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். எட்டுக் கேம்கியூப், எட்டு அடாப்டர், எட்டுத் தொலைக்காட்சி, எட்டு வட்டு ஆகியவற்றை ஓரிடத்தில் கூட்டிய குடும்பம் உலகில் எத்தனை இருந்திருக்கும்? கல்யாண மண்டபம் பிடித்துச் செய்ய வேண்டிய ஏற்பாடு அது.

அந்தச் சமயத்தில் போட்டிக் கன்சோல்கள் சும்மா இருக்கவில்லை. பிளேஸ்டேஷன் 2-க்கு அமெரிக்காவில் 2002 ஆகஸ்டில் வலைப்பின்னல் அடாப்டர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது. கேம்கியூபில் இணையம் வழியாக ஆட முடிந்தவை சேகாவின் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் வரிசையைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. அவற்றுக்கான சர்வர்களையும் சேகாவே நடத்தியது. ஆன்லைனில் போட்ட பணம் திரும்பாது என்பது அன்றைய நின்டெண்டோவின் கணக்கு. அந்த ஆண்டுகளின் கணக்குப் பேரேட்டை மட்டும் பார்த்தால் அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதற்காக டபுள் டாஷுக்கு ஆன்லைன் ஒத்துவராது என்று இன்றுவரை சிலர் வாதிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சண்டை ஆட்டத்தைப் போலன்றி, கார்ட் பந்தயம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். என் வண்டியை என் கன்சோல் கணக்கிடுகிறது. பிறர் வண்டிகள் எங்கே, எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகின்றன என்ற செய்தி மட்டும் வந்தால் போதும். அது சற்றுப் பிந்தினால், வண்டி போன போக்கிலேயே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டிவிடலாம். முன்னால் போகிறவர் உண்மையில் இரண்டு முழம் தள்ளி இருக்கிறார் என்பது ஆடுகிறவரின் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. நான் எறிந்த சிவப்பு ஆமை ஓடு அவர்மேல் பட்டதா இல்லையா என்பதில் மட்டும் எப்போதாவது தகராறு வரும், அதற்கும் ஒரு பக்கத்தின் தீர்ப்பை இறுதியானது என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. கேபிளுக்காக எழுதிய நிரல் அப்படியே இணையத்தில் ஓடாது, இந்த வழியில் திருத்தி எழுதத்தான் வேண்டும். ஆனால் அது செய்யக்கூடிய வேலை.

ரசிகர்கள் காத்திருக்கவில்லை. கேபிளில் போகும் செய்திகளைக் கணினியில் பிடித்து இணையம் வழியாக இன்னொரு வீட்டுக் கணினிக்கு அனுப்பும் வார்ப் பைப் என்ற மென்பொருளை, ஆட்டம் வெளிவந்த காலத்திலேயே எழுதிவிட்டார்கள். நாங்கள் அப்போது வெளிநாட்டில் ஒரு மாணவர் குடியிருப்பில் நான்கு பேராக இருந்தோம். மூன்றாவது செமஸ்டரில் ஒருவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபிறகு, இரண்டு அடாப்டர்களை அலைந்து திரிந்து வாங்கி, இந்த வழியில் அவனோடு ஆடிப் பார்த்தோம். தொடக்க விளக்குகள் ஒவ்வொன்றும் தவில் அடி போல நிதானமாக எரிந்தன. வண்டிகள் கூழில் ஓடுவதுபோல நகர்ந்தன. ஒரு சுற்று முடிவதற்குள் இணைப்பு அறுந்தது. ஆனாலும் அவன் தேர்ந்தெடுத்த வாரியோ என்ற பாத்திரம் எங்கள் திரையில் தள்ளாடித் தள்ளாடி வந்ததைப் பார்த்து நாங்கள் போட்ட கூச்சலுக்கு, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடுவதில்தான் மாரியோ கார்ட்டின் சுவை இருக்கிறது, இணையம் அதைக் கெடுத்திருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அந்தச் சோபாவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் சோபாவிலிருந்து ஆள் எழுந்து வேறு ஊருக்குப் போனபின் என்ன செய்வது என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

நின்டெண்டோவே இரண்டு ஆண்டுகளில் மனம் மாறியது. 2005 நவம்பரில் கையடக்கக் கருவிக்கு வந்த மாரியோ கார்ட் டிஎஸ், வைஃபை வழியாக நால்வரை உலகின் எந்த மூலையிலிருந்தும் சேர்த்து வைத்தது. அதில் குறைகள் இருந்தன. 32 தடங்களில் 20 மட்டுமே ஆன்லைனில் கிடைத்தன. பலூன் சண்டை கிடையாது. நேர்சாலையிலும் வண்டியைப் பாம்புபோல நெளித்து வேகம் கூட்டுகிறவர்களிடம் தோற்றுத் தோற்று வெறுத்துப்போனவர்களில் நானும் ஒருவன். என்றாலும் 2014 மே மாதம் சேவை நிறுத்தப்படும்வரை அது நடந்தது.

டிஎஸ் பதிப்பு கொண்டுவராமல் விட்டது டபுள் டாஷின் உயிரான அந்த இருவர் வண்டியைத்தான். ஒருவர் ஓட்ட, பின்னால் நிற்பவர் ஓடு எறிவார். புறப்படும் நொடியில் இருவரும் ஒருசேரப் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி பாயும். நடுவழியில் இசட் பொத்தானைத் தட்டி இடம் மாறிக்கொள்ளலாம். யார் ஓட்டுவது, யார் எறிவது என்று பந்தயம் முழுக்கச் சண்டை நடக்கும். அதன்பின் கன்சோலுக்கு வந்த முக்கிய மாரியோ கார்ட்டுகள் எல்லாம் ஆன்லைன் வசதியோடேயே வந்தன, ஆனால் அவற்றுள் ஒன்றிலும் அந்த இரண்டாவது ஆளுக்கு வண்டியில் இடமில்லை. அன்று வேறு ஊருக்குப் போன நண்பன் இப்போது மூன்று நேர மண்டலங்களுக்கு அப்பால் இருக்கிறான். சனிக்கிழமைகளில் அவனோடு ஆன்லைனில் ஆடுகிறேன், எதிரெதிர் வண்டிகளில்.