கருப்பு நாய்க்குக் கருப்புத் திரை கட்டுன புண்ணியவானே!

நாயைப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரன் சொல்றான், டிராமாட்டிக் லைட்டிங்காம்! வாயில நல்லா வருது.

எங்க பேச்சி, கன்னிங்குற நாட்டு வேட்டை நாய் இனம். உடம்பு பூரா கருகரு, கண்ணுக்கு மேல ரெண்டு பழுப்புப் பொட்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005லயே அஞ்சல் தலை போட்டாச்சு, கன்னிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. நம்ம வீட்டுச் சுவத்துலயாவது ஜம்முனு மாட்டுவோமேன்னு மதுரையில ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனா, கருப்புத் திரை முன்னாடி உக்கார வச்சு, பக்கத்துல ஒத்த சாஃப்ட்பாக்ஸ, அதான் துணி மூடுன லைட்டுப் பெட்டியை, நிப்பாட்டி எடுத்துத் தள்ளிட்டாங்க. பிரிண்ட்ல அரை மூஞ்சி, ஒரு நாக்கு, அம்புட்டுத்தான். முதுகு எங்கய்யா? காது எங்க? கேட்டா, "அண்ணே, இதான் மூடு"ங்குறான்.

மூடாம் மூடு! கருப்பு ரோமம் வெளிச்சத்தைக் குடிச்சிரும்னு தெரியாதா? பின்னாடி ரெண்டு பக்கமும் ஒல்லியா நீளமா ஸ்ட்ரிப் பாக்ஸ்ங்குற லைட்டுப் பெட்டி வச்சு, வெளிச்சம் லென்ஸுக்குள்ள வழியாம கிரிட்டுங்குற கட்டம் போட்ட வலையை மாட்டுனா, அந்தக் குட்டை ரோமத்துல பளிச்சுன்னு ஒரு கோடு விழும். கழுத்து வளைவு, நெஞ்சு இறக்கம், ஒட்டுன வயிறு எல்லாம் அந்தக் கோட்டுலதான் எந்திரிச்சு வரும். வேட்டை நாய்க்கு வேற என்ன அழகு வேணும்?

அங்கயே ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய்ப் படமும் மாட்டியிருக்காங்க. அதுக்கும் அதே லைட்டு, அதே பவர். பாவம், சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி நிக்குது, ஒரு முடி தெரியல.

வெளிச்சம் பத்தலன்னு சொன்னதுக்கு கேமரா தலையிலயே ஃபிளாஷை மாட்டி நேரா மூஞ்சியில அடிச்சான். நாய்க்கு விழித்திரைக்குப் பின்னாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற படலம் இருக்கு, கண்ணு பச்சையா எரியாம என்ன செய்யும்? ராத்திரி பாண்டி கோயில் பக்கம் பைக் ஓட்டுறவனுக்கே தெரிஞ்ச விசயம்யா இது!

இதுல மே மாசம், மாடியில தகர ஷெட்டு, ஏசி ஓடல. நாய்க்கென்ன நம்மள மாதிரி உடம்பெல்லாமா வேர்க்கும்? நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு இரைச்சுத்தான் சூட்டை இறக்கணும். "அண்ணே, வாயை மூடச் சொல்லுங்கண்ணே"ன்னு எங்கிட்டச் சொல்றான். ஏன், நீயே சொல்லேன் பேச்சிகிட்ட! ஒரு சட்டித் தண்ணி வைக்கணும்னு ஒருத்தருக்குத் தோணல. நான்தான் கீழ இறங்கிப் போய் பாட்டில் வாங்கிட்டு வந்தேன்.

இப்ப மிச்சப் பணத்தைக் கேட்டு வாட்ஸ்அப்ல வரிசையா மெசேஜ். முதல்ல எங்க பேச்சியோட முதுகைக் கொடுங்கடா, பிறகு தர்றேன்னு போட்டு விட்டுருக்கேன்.