தெள்ளாற்றில் நடந்தது ஒரு போர் இல்லைங்க

கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் சோழனைப் பிடித்த கதை என்று, இரண்டு போர்களை ஒன்றாகக் குழப்பி ஓடுகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு டேக் செய்ய வேண்டாம். பார்த்துவிட்டேன், முழுசாக.

தெள்ளாற்றில் இரண்டு போர் நடந்தது. இரண்டு. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியன் சீமாறன் சீவல்லபனை முறியடித்தது ஒன்று. 'தெள்ளாறெறிந்த' பட்டம், அந்த நந்திவர்மனைப் புகழ்ந்து பாடிய நந்திக்கலம்பகம் எல்லாம் அதற்குத்தான். ஏறத்தாழ 400 ஆண்டு கழித்து, 1231 வாக்கில், காடவர் குலச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் தன் பேரரசன் மூன்றாம் இராசராச சோழனை அதே ஊரில் மடக்கியது இன்னொன்று. கலம்பகப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டுக் கோப்பெருஞ்சிங்கனைக் குதிரையேற்றினால் லைக் வரும். வரலாறு வராது.

சேந்தமங்கலத்தைக் கொண்டுபோய் நாமக்கல்லில் வேறு வைத்திருக்கிறார்கள். சோழனைச் சிறைவைத்தது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துச் சேந்தமங்கலம் ஐயா.

"ஒரே நாளில் சோழப் பேரரசு சாய்ந்தது" என்று தலைப்பு. அதற்கு முன்பே பாண்டிய அரசன் சுந்தரபாண்டியன் முதல் படையெடுப்பிலேயே தஞ்சையையும் உறையூரையும் எரித்து, நாட்டைப் பிடுங்கி, பிறகு கீழ்ப்படியச் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அடுத்த முறை பாண்டியனிடம் தோற்று வடக்கே போன இராசராசனைத்தான் காடவன் பிடித்தான். ஏற்கெனவே முறிந்திருந்த படை அது. இராசராசனுக்கு முன் ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே சிற்றரசர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை போட்டுக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். அப்புறம் என்ன ஒரே நாள்?

"லட்சம் பேர் படை" எங்கிருந்து வந்தது? நம் கையில் இருப்பது முக்கியமாக இரண்டு கல்வெட்டு. வயலூர்க் கல்வெட்டு கோப்பெருஞ்சிங்கன் தரப்பு: தெள்ளாற்றில் வென்றேன், அரசுச் சின்னங்களைப் பறித்தேன், அமைச்சரோடு சிறைவைத்தேன். திருவயிந்திபுரம் கல்வெட்டு, இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டு, சோழனை மீட்க வந்த கர்நாடகத்து ஹொய்சளர் தரப்பு. இரண்டிலும் படையெண்ணிக்கை கிடையாது. மாட்டிக்கொண்ட அரசன் தரப்பில் ஒரு வரிகூட இல்லை. ஒன்றை மட்டும் படித்தால் மாவீரன், மற்றதை மட்டும் படித்தால் துரோகி. இரண்டையும் சேர்த்துப் படிக்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சேர்த்துப் படித்தால்தான் போர் தெள்ளாற்றில் முடியவில்லை என்பது தெரியும். சோழமண்டலத்தை நிலைநிறுத்தாமல் காளம் (எக்காளம்) ஊதமாட்டேன் என்று சொல்லித் தன் தலைநகர் தோரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான் ஹொய்சள அரசன் வீரநரசிம்மன். வழியில் மகர நாட்டை அழிக்கிறான். திருவரங்கத்தை அடுத்த பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை, அனுப்புகிறான். அவர்கள் நேராகச் சேந்தமங்கலம் கோட்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் உள்ளே இருக்கும் அரசனின் உயிருக்கு யார் பொறுப்பு? முதலில் எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் ஆகிய ஊர்களை அழிக்கிறார்கள். நடுவில் ஈழத்து அரசன் பராக்கிரமபாகுவைக் கொன்றோம் என்கிறார்கள் (அவர் யார் என்பது தனிப் பதிவுக்கான சண்டை). தில்லையில் (சிதம்பரம்) சாமி கும்பிடுகிறார்கள். தொண்டைமானல்லூர், திருவதிகை, திருவக்கரை என்று சுற்றியிருந்த ஊர்களை அழித்துவிட்டு, கடைசியில்தான் சேந்தமங்கலத்தை நெருங்குகிறார்கள். முற்றுகை தொடங்குமுன் கோப்பெருஞ்சிங்கன் சோழனை விட்டுவிடுவதாகச் சொல்லியனுப்புகிறான். கோட்டை மதிலேறிச் சண்டை போடும் அந்த கிராபிக்ஸ் காட்சி சொந்தச் சரக்கு.

இதைத்தான் கமெண்டில் பணிவாகப் போட்டேன். வந்த பதில்: "நீங்க எந்த ஊரு, எந்த ஆளு?" கல்வெட்டு வரியைச் சொன்னால் சாதியைக் கேட்கிறார்கள். ரொம்ப நன்றி.

"துரோகியைத் துரோகி என்று சொல்லக்கூடாதா?" சொல்லுங்கள். அதே வாயால், பேரரசன் பலவீனமானதும் தனக்கென வாள் தூக்கிய அத்தனை குறுநிலத் தலைவரையும் சொல்லணும், பட்டியல் நீளும். "தில்லைத் தெற்குக் கோபுரத்தில் காடவர் திருப்பணி இருக்கே, கோயிலை அழித்தான் என்பது பொய்தானே?" இது நியாயமான கேள்வி. அந்தக் குற்றச்சாட்டு எதிரியின் கல்வெட்டில் வருகிறது, சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் எதிரி எழுதியது என்பதற்காகவே பொய் ஆகிவிடுமா? "பொழுதுபோக்கு வீடியோ, விடுங்க சார்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

எரிச்சல் ஒன்றுதான். ஊர்களைக் கொளுத்தியதையும் பெண்களைப் பிடித்துப்போனதையும் ஜெயித்தவர்களே பெருமையாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு வீடியோவில் ஒரு நொடி ஒதுக்கவில்லை. இராசராசன் பிழைத்தான், மறுபடி சிம்மாசனம் ஏறினான். காடவர் வம்சமும் தொடர்ந்தது, 1243க்குப் பிறகும் அதே பெயரில் ஒருவன் ஆண்டான். எரிந்தது திருவதிகைக்காரன் வீடு. அவனுக்கு ரசிகர் மன்றம் இல்லை, கமெண்டில் சண்டைக்கு வர ஆளும் இல்லை.

வீடியோ போட்டவர்களே, தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு "திருத்திவிட்டோம்" என்று கமெண்டில் பின் (pin) செய்திருக்கிறீர்களே, அந்தக் கலம்பகப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.