டோக்கியோ பேரவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை

ஒருவர், "2025 டோக்கியோ பேரவைத் தேர்தலில் டோமின் ஃபர்ஸ்ட் பெரும்பான்மை பிடித்தது, அதனால்தான் கொய்கே யுரிகோ டோக்கியோ ஆளுநரானார்" என்று எழுதியிருக்கிறார். டோமின் ஃபர்ஸ்ட் என்பது கொய்கேயை ஆதரிக்கும் உள்ளூர்க் கட்சி. இரண்டுமே தவறு.

டோக்கியோ பெருநகரப் பேரவையில் மொத்தம் 127 இடங்கள், பெரும்பான்மைக்கு 64 வேண்டும். டோமின் ஃபர்ஸ்ட் வென்றது 31. தனிப்பெரும் கட்சி, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 2021 இலும் அதற்கு இதே 31 தான். அப்போது 33 இடங்களோடு, ஜப்பானின் தேசியக் கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி முன்னால் நின்றதால் டோமின் ஃபர்ஸ்டுக்கு இரண்டாமிடம். ஆக, இந்த முறை அவர்கள் வளரவில்லை, எதிரி சரிந்தார். நிதி திரட்டும் விருந்துகளில் வந்த பணத்தைக் கணக்கில் காட்டாத விவகாரத்தால் அடிவாங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சி, 2017 இல் பெற்ற 23 ஐயும் விடக் கீழே போனது.

அப்புறம், ஆளுநரைப் பேரவை தேர்ந்தெடுப்பதில்லை. மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள், அதுவும் வேறொரு நாளில். கொய்கே மூன்றாவது முறை வென்றது 2024 ஜூலையில். பேரவைத் தேர்தல் 2025 ஜூன் 22.

இடக்கணக்கை வைத்து மக்கள் ஆதரவை அளப்பதும் சரிவராது. செத்தகாயா தொகுதியில் வாக்காளருக்கு ஒரே வாக்கு, ஆனால் முதல் எட்டுப் பேர் ஜெயிக்கிறார்கள். சியோதாவில் ஒருவர்தான். ஒரே கட்சி செத்தகாயாவில் இரண்டு, மூன்று பேரை நிறுத்தினால் தன் வாக்கையே தான் பிரித்துக்கொள்ளும். எத்தனை பேரை நிறுத்துவது என்பதே அங்கே பாதித் தேர்தல்.