தடுப்பாட்டம் மட்டும் போதுமா?
தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர் என்றால், ஷூட்டிங் (தூரத்திலிருந்து கூடைக்கு எறிவது) வராவிட்டாலும், என்.பி.ஏ. கூடைப்பந்தின் பிளேஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்அவுட் தொடர்களில்) அவரைத் தாராளமாகக் களத்தில் வைத்திருக்கலாம் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2015 பிளேஆஃப் தொடரில் மெம்பிஸ் அணி 2-1 என முன்னிலையில் இருந்தபோது எதிரணியான கோல்டன் ஸ்டேட் என்ன செய்தது? ஷூட்டிங் வராத மெம்பிஸ் வீரர் டோனி ஆலனைக் கவனிக்கும் வேலையை, கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரரான (சென்டர்) போகட்டிடம் கொடுத்தார்கள், அவர் ஆலனை வெளியே தனியாக விட்டுவிட்டு கூடைக்கு அருகிலேயே நின்றார், மெம்பிஸின் உயரமான வீரர்கள் ராண்டால்ஃபுக்கும் கசோலுக்கும் உள்ளே இடமே இல்லாமல் போய் தொடர் 4-2 என்று கோல்டன் ஸ்டேட்டின் கைக்கு மாறியது. அத்தனை அருமையான தடுப்பாட்டக்காரர் ஆலன்! அதற்காக, ஷூட்டிங் வராதவர்கள் யாரும் வேண்டாம் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருப்பதும் சரியில்லை. கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனைப் பாருங்கள், அணியின் ஷூட்டர் ஸ்டெஃபன் கரிக்கு ஸ்கிரீன் போட்டுவிட்டு (அவரைத் துரத்தும் எதிரணி வீரரின் வழியில் நின்று மறித்துவிட்டு) நடுவில் பந்தை வாங்கி, எதிரணியில் இரண்டு பேர் கரியிடம் போய்விட்டதால் நாலு பேருக்கு மூணு பேர் என்ற நிலையில் அவர்தான் ஆட்டத்தை நடத்துவார். ஷூட்டிங் வராத இப்படிப்பட்டவர்களை மூலையில் சும்மா நிறுத்துவதுதான் பிரச்சினை.