காயைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள்

விதைக்கு விடும் செடியின் தண்டில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைப்பது என் வழக்கம். நூல் கட்டிய செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. தோட்டத்திலேயே நல்ல செடி அதுதான் என்பதால், பார்ப்பவர்களின் கை முதலில் அங்கேதான் போகும். "ஒன்றே ஒன்று பறித்துக்கொள்கிறேனே" என்று வீட்டில் கேட்பார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டில் விளைந்ததிலிருந்து விதை எடுக்கலாமா, ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வாங்க வேண்டுமா என்று யார் கேட்டாலும் இந்த நூலிலிருந்துதான் தொடங்குவேன். நம்மில் பலர் நல்ல காய்களையெல்லாம் பறித்துச் சமைத்துவிடுகிறோம். பறிக்க மறந்து முற்றிய வெண்டைக்காய், சொத்தை என்று ஒதுக்கிய கத்தரிக்காய், எந்தச் செடியில் காய்த்தது என்றே நினைவில்லாத ஒற்றைத் தக்காளி ஆகியவைதான் விதைக்கு மிஞ்சுகின்றன. நான்கைந்து முறை இப்படிச் செய்துவிட்டு, வீட்டு விதையில் வீரியமில்லை என்று கடைக்குப் போகிறோம். மிச்சம் மீதியை விதையாக்கியது நாம். பழி மட்டும் விதைக்கு.

ஒரு செடியின் எல்லாக் காய்களுக்கும் தாய் ஒன்றே. நோஞ்சான் செடியில் தற்செயலாக ஒரு காய் பெருத்துவிட்டால், அதன் விதைக்குத் தனிச் சிறப்பு எதுவும் வந்துவிடாது. செடி எப்போது பூத்தது, நோய் வந்தபோது தாங்கியதா, எத்தனை நாள் காய்த்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கு நடவிலிருந்தே கண் வேண்டும். அறுவடை முடிந்த பிறகு விதையைப் பற்றி யோசித்துப் பயனில்லை. இலை சுருண்டு, தேமல் விழுந்த செடியை எவ்வளவு காய்த்தாலும் விதைக்கு விடாதீர்கள். அவரை, பீன்ஸ் வகைகளில் தேமல் நச்சுயிரி விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். தக்காளியிலும் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தக்காளியையும் பீன்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நடப்பவை இவை. தாயைப் போலவே பிள்ளை வரும். பீன்ஸ் நெற்று கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான உறை முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். கத்தரியும் வெள்ளரியும் உண்ணும் பதத்தைத் தாண்டி, நிறம் மாறி மஞ்சளாகும் வரை செடியிலேயே இருக்க வேண்டும். பிஞ்சிலிருந்து எடுத்த விதை முளைக்காது.

பூசணிக் குடும்பத்துக்கு வருவோம். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று பழமொழி கேட்கிறது. இந்தக் குடும்பத்தில் கிட்டத்தட்ட அதுவும் நடக்கும். தேனீ அக்கம்பக்கத்துக் கொடிகளிலிருந்தெல்லாம் மகரந்தம் கொண்டுவருகிறது. ஒரே இனத்து வகைகள் கலந்துவிட்டால் இந்த ஆண்டுக் காயில் எதுவும் தெரியாது. அடுத்த ஆண்டுதான் தெரியும். சில வேளைகளில் அந்தக் காய் கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்னும் நச்சு, சமைத்தாலும் போகாது. 2015-இல் ஜெர்மனியில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த, சுக்கினி என்னும் கசப்பான பூசணி வகையைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். கசந்தால் துப்பிவிடுங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள். இந்த வகையில் விதை எடுக்க விரும்பினால், மறுநாள் மலரவிருக்கும் ஆண் பூவையும் பெண் பூவையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் கையால் மகரந்தம் தொட்டுவைத்து, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் விதையை வாங்குங்கள்.

வாங்குவதில் குற்றவுணர்ச்சியே வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேரட், வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் பொதுவாக இரண்டாவது பருவத்தில்தான் பூக்கும். அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வெங்காய விதையின் முளைப்புத்திறன் ஓரிரு ஆண்டுகளிலேயே சரிந்துவிடும். மக்காச்சோளத்தில் நூறு செடிகளாவது இல்லாமல் விதை எடுத்தால் சில தலைமுறைகளில் பயிர் குன்றிப்போகும். மாடித் தொட்டியில் பத்துச் செடி வைத்திருப்பவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதையைப் பற்றி உலவும் பொய்கள் எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகின்றன. அந்தச் செடியின் விதை முளைக்கவே முளைக்காது என்கிறார்கள். பெரும்பாலும் நன்றாகவே முளைக்கும். தாயைப் போல வராது, அவ்வளவுதான். ஒட்டு ரகத் தக்காளி ஒன்றிலிருந்து நான் எடுத்த விதையில் ஆறு செடிகள் வந்தன. ஒன்றில் உருண்டை, ஒன்றில் நீளம், ஒன்றில் கோலிக்குண்டு அளவு. மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடிகளை வைத்து எழுதிய அதே பாடம். விதையை மலடாக்கும் தொழில்நுட்பத்துக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட விதை எங்கும் விற்பனைக்கு வரவில்லை. விதைக்காகப் பேசுபவர்கள் பொய் பேசக் கூடாது.

நம் பக்கம் சொல்லப்படும் இன்னொன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டு விதை ஆண்டுக்கு ஆண்டு நம் மண்ணுக்குப் பழகிக்கொள்ளும் என்கிறார்கள். செடிக்குச் செடி வேறுபாடு உள்ள ரகத்தில், நாம் பார்த்துப் பொறுக்கினால், அது நடக்கும். எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருக்கும் தூய ரகத்தில் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது? அங்கே நம் வேலை காவல் வேலை: கலப்புச் செடியைப் பிடுங்குவது, நோயை அண்டவிடாமல் இருப்பது.

சேமிப்பில் ஈரமும் வெப்பமும்தான் எதிரிகள். விதையின் ஈரப்பதம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. பெரும்பாலான காய்கறி விதைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, ரகத்தின் பெயரும் ஆண்டும் எழுதிவையுங்கள்.

இதை நானே ஒரு முறை ஒழுங்காகச் செய்யவில்லை. பல ஆண்டுகள் வைத்திருந்த கொடி அவரை விதையைச் சரியாக உலர்த்தாமல் மூடிவிட்டேன். திறந்தபோது எல்லாம் பூஞ்சை. ஈரத்துணியில் பத்து விதை சுற்றி வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த ரகத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிரியப் போரில் அலெப்போ நகருக்கு அருகிலிருந்த விதை வங்கியை அதன் விஞ்ஞானிகளால் பயன்படுத்த முடியாமல் போனது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில், உலக நாடுகளின் விதைப் பிரதிகளைக் காக்க 2008-இல் திறந்த பெட்டகத்தில் முன்பே கொடுத்துவைத்திருந்த பிரதிகளை 2015-இல் திரும்பப் பெற்று, வேறு நாடுகளில் விதைத்துப் பெருக்கினார்கள். பிறகு புது விதையைப் பெட்டகத்துக்கே மறுபடி அனுப்பினார்கள்.

என் பெட்டகம் பக்கத்து வீட்டு அக்கா. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அவரை விதையில் ஒரு கைப்பிடி கொடுத்திருந்தேன்; அவர் விடாமல் போட்டுவந்திருக்கிறார். கேட்டதும் ஒரு காகிதப் பொட்டலத்தில் நாற்பது விதை எண்ணிக் கொடுத்தார். இப்போது அந்தக் கொடி பந்தல் ஏறிவிட்டது. இரண்டு கொடிகளுக்கு நூல் கட்டியிருக்கிறேன். நெற்று காய்ந்ததும் முதல் பங்கு அவருக்கு, மீதியை இன்னும் நான்கு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறேன்.