கலிஃபோர்னியாவில் 2.13 டாலர் செல்லாது

கேட்டரிங்கில் பரிமாறுபவர்களுக்கு டிப்ஸ் கிடைப்பதால் கலிஃபோர்னியாவிலும் மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் செல்லும், அதுவும் டிப்ஸோடு சேர்த்து மணிக்கு அங்குள்ள குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலராவது வந்தால்தான். கலிஃபோர்னியா விஷயம் வேறு. அந்த மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 351ஆம் பிரிவு, டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது. மாநிலக் குறைந்தபட்ச ஊதியத்தை, 2025இல் அது 16.50 டாலர், முழுதாகக் கொடுத்தாக வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல்தான். (லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் இன்னும் கூடுதல்.)

சந்தேகம் இருந்தால் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தளத்தில் டிப்ஸ் பெறுவோருக்கான மாநிலவாரி ஊதிய அட்டவணையைப் பாருங்கள். முழு ஊதியம் தர வேண்டிய மாநிலங்களின் பட்டியலில் கலிஃபோர்னியா இருக்கும்.