528 ஹெர்ட்ஸ் இசை மார்ஃபினுக்கு மாற்று அல்ல

“528 ஹெர்ட்ஸ் இசையைத் தொடர்ந்து கேட்டால் புற்றுநோய்க் கட்டி கரைந்துவிடும், மார்ஃபின் தேவைப்படாது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி உண்மையல்ல. ஹெர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதன் அளவு; மார்ஃபின் என்பது கடும் வலியைத் தணிக்கும் மருந்து. காதால் கேட்கும் எந்த இசையும் நோயாளியின் கட்டியைக் கரைத்ததற்கு மருத்துவச் சான்று கிடையாது.

கடும் நோயுற்றவரின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் வலிதணிப்புப் பராமரிப்பில் இசைச் சிகிச்சைக்கு உண்மையான இடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள ராயல் விக்டோரியா மருத்துவமனையில் மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் 1975இல் தொடங்கிய வலிதணிப்புப் பிரிவின் அனுபவத்தை, அவரும் இசைச் சிகிச்சையாளர் சூசன் மன்றோவும் 1978இல் மருத்துவ இதழில் எழுதினர். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், மூச்சுத் திணறலால் பதறும் நோயாளியின் மூச்சு வேகத்துக்கே முதலில் கிதாரை மீட்டி, பிறகு தாளத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார். பிடித்த பாட்டே சில வேளை தாங்க முடியாத அழுகையைக் கிளறிவிடும் என்பதால், எதை இசைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியின் விருப்பமே தீர்மானிக்கும். இதனால் சிலருக்குப் பதற்றமும் வலியின் கடுமையும் தணிகின்றன. கட்டியில் மாற்றம் ஏதும் நிகழ்வதில்லை.

இச்செய்தியை நம்பி மார்ஃபினைத் திடீரென நிறுத்துவது நோயாளிக்கு இழைக்கும் கொடுமையாகும். அடக்கி வைத்த வலி திரும்புவதோடு, பல வாரங்களாக அம்மருந்தை உட்கொள்பவருக்கு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவையும் ஏற்படக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். பாட்டு ஒலிக்கும் வேளையிலும் மாத்திரையை உரிய நேரத்தில் கொடுங்கள்.